டிரைவர் பார்த்து வைத்த நல்ல ரோடு

மாடி வீட்டு டிரைவர் சைக்கிள் வாங்கிய விஷயம் அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கடைக்காரர் கொண்டுவந்து இறக்கிய நேரத்தில் அவள் திரைச்சீலைக் கடையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். என் மூட்டுவலிக்கு அந்த மூன்றாவது படிதான் தோது. மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போக முடியும். நான் நகர மாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இறங்கியது இரண்டு சைக்கிள். இரண்டாவதில் குறுக்குக் கம்பி இல்லை.

“தம்பி, இது யாருக்கு?”

“அவளுக்குத்தான்.”

“அவளுக்கு ஓட்டத் தெரியாதே.”

“எனக்கும் ஒரு காலத்துல பஸ் ஓட்டத் தெரியாதுக்கா.”

நாற்பத்தைந்து வயதில் அவள் கற்றுக்கொண்டாள். பின்பக்கத்து வெட்டவெளியில், துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே. என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறது, நான் என்ன செய்ய? மூன்று மாதத்தில் பதினாலு முறை விழுந்தாள். அதில் இரண்டு முறை என் போர்வையோடு.

சைக்கிள் வந்ததற்குக் காரணம் கால்வாய்ப் பாதை. எங்கள் தெருவைத் தாண்டி ஓடும் பழைய கால்வாயின் கரையிலேயே கடல் வரைக்கும் போகலாம். முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், வண்டி வாகனம் கிடையாது. கடலோரத்தில் இருக்கும் ஊரில்தான் அவர்கள் மகள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

“இருபத்தாறு வருஷத்துல நான் அவளை எங்கயாவது கூட்டிட்டுப் போனேன்னா அது என் பஸ்ஸுலதான்க்கா,” என்றார் டிரைவர் ஒரு நாள், அதே படியில் நின்றுகொண்டு. “அவ ஏழாவது சீட்டு. நான் முன்னால. கண்ணாடியிலதான் பார்த்துக்குவோம். ஒரு தடவையாவது கூடவே போகணும்.”

மகளுக்குப் போன் போட்டபோது ஸ்பீக்கரில் போட்டார்கள். அது அவர்கள் தப்பு, என் தப்பில்லை.

“அம்மாவா?” என்று சிரித்தாள் மகள். “ரெண்டாம் நாளே பஸ்ல வந்து இறங்கிடுவாங்க, பாருங்க.”

தையல்காரிக்குக் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்து பழக்கம். அன்றைக்கு ஊசி இல்லாமலே உதட்டை அப்படி இறுக்கிக்கொண்டாள். பிறகு புருஷனிடம் சொன்னாள்: “வர்றேன். ஆனா ஒரே ஒரு லாரி என்னை உரசுற மாதிரி போச்சு, அங்கயே பஸ் ஏறிடுவேன். அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் சைக்கிளைத் தொட மாட்டேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். கல்யாணத்துக்கு முன்னால் காபியை விட்டவள், இன்றுவரை தொட்டதில்லை.

டிரைவர் பயணத்திட்டம் போட்டார். பயணத்திட்டமா அது? பஸ் நேர அட்டவணை. ஆறு பத்துக்குப் புறப்பாடு. எட்டு நாற்பதுக்குத் தேநீர், பத்து நிமிடம். தங்குவதற்கு ஐந்து லாட்ஜுகளுக்குப் போன் செய்தார். எல்லா இடத்திலும் கேட்டது ஒரே கேள்விதான்: “வண்டி திருப்ப இடம் இருக்கா?” மூன்றாவது லாட்ஜில் என்ன வண்டி என்று கேட்டிருக்கிறார்கள். சைக்கிள் என்றாராம். அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுத்தான் அறை வாங்கினார்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். நான் வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டு இழுப்பறைகள் திறந்து கிடந்தன, அவ்வளவுதான்.

முதல் இரண்டு நாளும் சாயங்காலம் போன் வந்தது. “உட்கார முடியலக்கா, நின்னுட்டேதான் பேசுறேன்,” என்றாள் தையல்காரி. ஆனால் குரலில் ஒரு துள்ளல். ஐம்பது கிலோமீட்டராம் ஒரு நாளைக்கு. நீர்க்கோழிகளை எண்ணிக்கொண்டே ஓட்டினாளாம்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டே முக்காலுக்கே போன் அடித்தது. எனக்கு மூக்கு வியர்த்தது.

“அக்கா, பெட்ரோல் பங்குல உட்கார்ந்திருக்கேன். எதிர்லயே பஸ் ஸ்டாப். நாலரைக்கு பஸ்ஸாம். நான் ஏறிடப் போறேன்.”

விஷயம் இதுதான். மழையில் கால்வாய்க் கரை சரிந்து, எட்டு கிலோமீட்டர் பாதையை மூடிவிட்டார்கள். டிரைவர் மேப்பைப் பார்த்து, “கவலையே படாத, நல்ல ரோடு ஒண்ணு இருக்கு,” என்று அவளைத் திருப்பிக் கூட்டிப்போயிருக்கிறார். நல்ல ரோடுதான். பள்ளம் இல்லை, வளைவு இல்லை, நாலு வண்டி சேர்ந்தாற்போல் போகலாம். பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு பஸ்ஸை இத்தனை வருஷம் சந்துகளில் திருப்பிப் பிழைத்த மனுஷனுக்கு அகலம் என்றால் பத்திரம். அந்த அகலம் லாரிக்காரனுக்கும் பிடிக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. முதல் லாரி கடந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது லாரியின் காற்று அவளைச் சைக்கிளோடு ஓரத்துச் சரளையில் தள்ளியது. விழவில்லை. இறங்கினாள், பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தாள், டயருக்குக் காற்று அடிக்கும் இடத்தில் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

போனை டிரைவர் வாங்கினார். “ரோடு நல்ல ரோடுதான்க்கா,” என்றார். குரல் நூல் மாதிரி இருந்தது. “லாட்ஜுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர். இவ எந்திரிக்க மாட்டேங்கிறா. பஸ் ஏறிட்டான்னா அவ்வளவுதான்க்கா. உங்களுக்கே தெரியும்.”

“பக்கத்துல என்ன இருக்கு, பார்த்துச் சொல்லு.”

“ஒண்ணுமில்ல. சிமெண்ட் குழாய் செய்யிற ஆலை. பெரிய மதில்.”

சிமெண்ட் குழாய் ஆலை. எங்கள் கீழ்வீட்டு அழகு நிலையக்காரியின் ஓரகத்தி அங்கேதான் வேலை செய்கிறாள். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், ஒரு மணி நேரம் தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொன்னாள். அடுத்தவர் வீட்டுக் கூரை ஒழுகினால் நான் மறப்பதில்லை.

“தம்பி, நான் கூப்பிடுற வரைக்கும் அவளைப் பஸ் ஏறவிடாத. ஏதாவது பேசிட்டிரு.”

“என்னக்கா பேசறது?”

“கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் கழிச்சு என்னைக் கேக்கறியா?”

அழகு நிலையக்காரி நம்பர் கொடுத்தாள். ஓரகத்தி முதலில் கூரை இப்போது ஒழுகவில்லை என்பதைச் சொன்னாள். பிறகு, கால்வாய் மதகைத் திறந்து மூடும் வேலையில் இருக்கும் ஒரு அம்மாளின் நம்பரைக் கொடுத்தாள். பதினோரு நிமிடத்தில் மூன்றாவது போன்.

மதகுக்காரம்மா லேசுப்பட்டவள் இல்லை. “யார் நீங்க, அவங்க யாரு, எத்தனை பிள்ளைங்க, என்ன வேலை?” என்று என்னையே குடைந்துவிட்டாள். என்னை யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில், “அவரு குறட்டை விடுவாரா?” என்றாள்.

“விடுவார். மாடியிலிருந்து எனக்கே கேக்கும்.”

“உண்மையச் சொல்றீங்க. அப்ப வரச் சொல்லுங்க. மாத்தாளுக்குன்னு ஒரு ரூம் இருக்கு, ரெண்டு கட்டில். அடுத்த வாரம் வரைக்கும் ஆள் இல்ல.”

“ரோடு?”

“அந்த ரோட்ல எவன் வரச் சொன்னான் அவங்கள? மூணரைக்குப் பள்ளிக்கூடம் விடும். நீலச் சட்டைப் பிள்ளைங்க ஒரு அறுபது பேரு சைக்கிள்ல பங்குக்குப் பின்னால வருவாங்க. அவங்க பின்னாலயே வரச் சொல்லுங்க. ரோட்டுக்கு அடியில புகுந்து, ஆலைக்குப் பின்பக்கமா, என் மதகுக்கிட்ட வந்து சேரும். அங்கிருந்து கால்வாய்ப் பாதை திறந்துதான் இருக்கு. பிள்ளைங்க எதுல சைக்கிள் விடுதோ அதான் பாதைக்கா.”

“என்னை அக்காங்கறீங்க. உங்களுக்கு என்ன வயசு?”

“குரலக் கேட்டா அப்படித் தோணுச்சு.”

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அதற்கு அப்போது நேரமில்லை.

டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கேட்டார்: “பாதை எவ்வளவு அகலம்?”

“ஒரு ஹேண்டில்பார் அகலம்.”

“எதிர்ல வண்டி வந்தா எங்க ஒதுங்கறது?”

“வராது. பாதை வாசல்ல கல் நட்டு வச்சிருக்காங்களாம்.”

அவர் யோசித்தார். அகலமில்லாத ரோட்டை நம்ப அவருக்கு மனசு வரவில்லை. அதற்குள் தையல்காரி போனைப் பிடுங்கினாள்.

“லாரி?”

“கிடையாது.”

“நிச்சயமா?”

“அறுபது பிள்ளைங்களைப் பெத்தவங்க நம்பித்தான் அனுப்புறாங்க.”

அந்தப் பக்கம் தகர டின் உருளும் சத்தம் கேட்டது.

“சரி,” என்றாள். “ஆனா நான் முன்னால போவேன். அவரு பின்னால வரட்டும்.”

அதற்கப்புறம் போன் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேலே போய் அவர்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், காலையில் ஊற்றியிருந்தும். தொட்டி வழிந்து தரை நனைந்தது. நாலரை ஆனது. அந்த பஸ் இந்நேரம் வந்திருக்கும், போயிருக்கும். நாலு ஐம்பதுக்கு மதகுக்காரம்மா கூப்பிட்டாள்.

“வந்துட்டாங்க. உங்க தையல்காரி முதல் ஆளா வந்தா, நாலஞ்சு பொம்பளைப் பிள்ளைங்களோட பேசிக்கிட்டே. அவரு கடைசி. ஒரு பிள்ளை மணி அடிச்சு, ‘தாத்தா, ஓரமா வாங்க’ன்னுச்சு. மனுஷன் ஒதுங்கறேன்னு செடியிலயே ஏறிட்டாரு.”

ஊரையே ஹாரன் அடித்து ஒதுக்கிய ஆள்.

ஆறு மணிக்குத் தையல்காரி பேசினாள். சூடாக சூப் குடித்தார்களாம், மதகு திறக்கிறதை வேடிக்கை பார்த்தார்களாம். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “திரும்பித் திரும்பிப் பார்த்தேன்க்கா. ஒவ்வொரு தடவையும் பின்னால வந்துக்கிட்டே இருந்தாரு. ஒரு வார்த்தை பேசல. லேட்டுன்னுகூடச் சொல்லல.”

“அப்ப நாளைக்கு பஸ்ஸா?”

“எதுக்கு? லாரி உரசலையே. காத்துதான அடிச்சுது.”

வாக்குத் தவறாதவர்கள் இப்படித்தான் தப்பிப்பார்கள்.

மறுநாளிலிருந்து அட்டவணை டிரைவரின் பைக்குள்ளேயே கிடந்தது. பாதை மூடியிருந்தாலும் குழம்பினாலும், பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்று தையல்காரி யாரையாவது கேட்பாள். இடம் கிடைப்பதும் சிரமமாக இல்லை. மதகுக்காரம்மா அடுத்த மதகுக்குச் சொன்னாள், அது அதற்கடுத்த மதகுக்குச் சொன்னது. லாட்ஜுகளில் வண்டி திருப்புகிற இடம் சும்மாவே கிடந்தது.

ஏழாம் நாள் கடலோர ஊர் வந்தது. ஆறு நாள் என்று சொன்னதில் ஒரு நாள் தப்பிப்போனதால், மகள் ஒரு முடிவுக்கு வந்து, கால்வாய் முடிகிற இடத்துக்கு எதிரே இருக்கும் பஸ் நிலையத்தில் போய் நின்றாள். ஒவ்வொரு பஸ்ஸின் படியையும் எட்டி எட்டிப் பார்த்திருக்கிறாள். பின்னாலிருந்து மணி அடித்தது. திரும்பினாள். மூக்கு நுனி உரிந்து, தலைமுடி பறந்து, அம்மா சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள், ஒரு கால் தரையில். மகள் அழுதாளாம். அவர்கள் வந்து சேர்ந்தது மகளுக்குத் தெரிவதற்கு இருபது நிமிடம் முன்பே எனக்குத் தெரியும். கடைசி மதகிலிருந்து செய்தி வந்துவிட்டது.

இப்போது தையல்காரி கடைக்குச் சைக்கிளில்தான் போகிறாள். எட்டு நாற்பது பஸ் தினமும் ஏழு நிமிடம் தாமதமாகிறது. ஸ்டாப்பில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் ஏன் இப்படி ஊர்கிறது என்று கேட்டால், “ரோடு குறுகலா இருக்குங்க,” என்று டிரைவர் சொல்கிறாராம்.

எங்கள் தெரு முனையிலிருந்து திரைச்சீலைக் கடை வரைக்கும் இரண்டு பஸ் சேர்ந்தாற்போல் போகலாம். முன்னால் ஒரு சைக்கிள் போகிறது. முந்தாமல், ஹாரன் அடிக்காமல், பஸ் அதன் பின்னாலேயே போகிறது, அவள் கடைத் தெருவுக்குத் திரும்பும் வரைக்கும். காரணம் எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. அழகு நிலையக்காரியிடமும் மதகுக்காரம்மாவிடமும் சொன்னதோடு சரி.