தீவில் அவனை யாரும் துரத்தவில்லை

1

இந்தக் கதை தொலைக்காட்சியிலிருந்து திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு உடைந்து ஐந்து பேர் ஒரு தீவில் மாட்டிக்கொள்ளும் அந்தக் கறுப்பு வெள்ளைச் சிரிப்புத் தொடரை இப்போது ஞாயிறு மாலைகளில் மறுபடி போடுகிறார்கள். படகுக்காரர், வக்கீல், பாடகி, சமையற்காரர், அப்புறம் ஓர் எடுபிடி. வாராவாரம் தப்பிக்க ஒரு வழி பிறக்கும். வாராவாரம் எடுபிடி அதைக் கெடுப்பான்.

(யாராவது சாய்ந்தால் வானம் ஆடும். துணியில் வரைந்த வானம். சிறுவயதில் அதைப் புயல் என்றே நம்பினோம்.)

2

முதல் தொடக்கம்: "கடல் அமைதியாக இருந்தது. ஆனால் அவன் மனத்தில்..."

வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் கடலைப் பார்த்ததே இல்லை.

மறுபடி. அக்கா வீட்டுக் கூடம். நாற்காலியில் அத்தான், தையற்காரர். கதவோரம் என் தம்பி. அத்தான் அவனோடு பேசி ஒரு வருடமாகிறது. அத்தான் கடைக்கு மருத்துவமனைச் சீருடை தைக்க வந்த துணியை, மடித்துப் போடாமல் ஒரே முகமாக அடுக்கி வெட்டிவிட்டான் தம்பி. அத்தனையும் இடது முன்பக்கம். வலது ஒன்றுகூட இல்லை.

"இத யாருடா போடுவா? பாதி மனுஷனா?" என்றார் அத்தான். அதுவே கடைசிப் பேச்சு. ஆர்டர் போயிற்று, கடையும் பாதியாகச் சுருங்கியது.

3

அத்தானைக் கொடியவராக்கிவிட்டால் கதை சுலபம். மனம் வரவில்லை. கல்யாணமான புதிதில் இதே தொடரைப் பார்த்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தவர் அவர். மடியிலிருந்த தம்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தார்.

4

போன ஞாயிறு. எடுபிடி, தெப்பம் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் துணி காயப்போட்டான். தெப்பம் தன்பாட்டுக்குக் கடலுக்குள் போனது.

"டேய் மடையா, கயிறுடா!" அத்தான் திரையைப் பார்த்துக் கத்தினார்.

"நல்லவேளை, இந்தத் தடவை நான் இல்ல" என்றான் தம்பி.

அத்தானின் வாயோரம் சிரிப்பில் துடித்தது. ஆனால் அக்கா பக்கம் திரும்பி, "டீ ஆறுது, குடிக்கச் சொல்லு" என்றார்.

"நான் என்ன தபால்காரியா? ரெண்டடி தள்ளித்தான் உக்காந்திருக்கான். நீங்களே சொல்லுங்க."

தம்பி எழுந்தான்.

"அக்கா, வெளியூர்ல வேலை கெடைச்சிருக்கு. அடுத்த வாரம் திங்கக்கிழமை கெளம்பறேன்." சொன்னது அக்காவிடம், பார்த்தது அத்தானை.

விளம்பரம் வந்தது. அத்தான் விளம்பரத்தைப் பார்த்தார்.

நானும் அவனுக்கு ஓர் அக்காதான்; தெருவரை கூடப் போனேன். "அவர் வாயால ஒரு 'போயிட்டு வா' போதும்க்கா. அது இல்லாம போனா, திரும்பி எந்த முகத்தோட வருவேன்?" என்றான்.

5

அத்தான் அவனைக் கட்டிக்கொண்டு அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். (அழமாட்டார். அவரைத் தெரியும்.) தம்பி சொல்லாமல் போய்விடுவதாக இன்னொன்று. அப்படி நடக்கக் கூடாதென்று பிரார்த்தனை செய்துவிட்டு அதைக் கோடு போட்டு அடித்தேன்.

இத்தனை வருடம் அந்தத் தொடரைப் பார்த்தும் ஒன்றை இப்போதுதான் கவனித்தேன். தெப்பம் போன அன்றும் எடுபிடியைத் திட்டுகிறார்கள், தொப்பியால் அடிக்கிறார்கள். ஆனால் சமையற்காரர் ஐந்து தட்டுதான் வைக்கிறார். நான்கு வைத்ததே இல்லை. கடவுளின் கருணை பெரும்பாலும் அந்த ஐந்தாவது தட்டு அளவில்தான் நம் வீடுகளுக்கு வருகிறது என்று நினைக்கிறேன். அதற்கு மேல் நாம் கேட்பதும்...

(இந்த வாக்கியம் உபதேசமாகிறது. விட்டுவிடுகிறேன்.)

6

வாசகரே, முடிவு உங்கள் கையில். எல்லா வாசகரையும் சொல்லவில்லை. நான் எழுதுவதை அச்சுக்குப் போகும் முன் படிப்பவர் ஒருவர்தான். பிழை கண்டால் தையல் சாக்பீஸால் சுழிப்பார்.

அத்தான், நாளைக்கு ஞாயிறு. அவன் கதவோரம் உட்கார்ந்திருப்பான். எனக்கு எழுத வராத ஒரு வரி பாக்கி இருக்கிறது. இந்தத் தாளில் எழுத வேண்டாம், அவனிடம் சொல்லிவிடுங்கள்.