சாவி இடுப்பில் இருந்தது

கார் நகரக் கூடாது. சுலஸ்த்ரிக்கு இப்போது அதுவே முழுநேர வேலை. செமாராங்கிலிருந்து சோலோவுக்குக் காலமெல்லாம் வேன் ஓட்டிய புருஷன் சர்வோனோவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. "பாசஞ்சர் காத்திருக்காங்க" என்று எந்நேரமும் வாசலுக்கு ஓடுவார்.

பழைய காரில் ஒரு வழி இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றிவிட்டால் எந்தத் திருடனாலும் கிளப்ப முடியாது. சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவள் தினமும் அதைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டு வைத்தாள். தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் மறந்தாள். அன்றைக்கே போய் ஒரு சாப்பாட்டு வண்டியை இடித்துவிட்டு வந்தார்.

மகன் பாகஸ் அந்தக் காரை விற்றுப் புதிது வாங்கினான். இதில் ரோட்டரும் இல்லை, சாவித் துவாரமும் இல்லை; வெறும் பொத்தான்.

"சாவி உங்க இடுப்புலயே இருக்கட்டும்மா. அது உள்ள இல்லாட்டி வண்டி கிளம்பாது" என்றவன், காரைப் பூட்டாமலே பைக்கில் வேலைக்குப் போனான். ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளை.

மத்தியானம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். விழித்தபோது அவர் காருக்குள் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். கிளம்பவில்லை. அவரை இறக்க ஓடினாள். முதலில் கைக்கெட்டிய இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தாள். இடுப்பிலிருந்த சாவியும் கூடவே உள்ளே போனது. அவர் இன்னொரு தடவை அழுத்தினார். கிளம்பிவிட்டது.

ஆத்திரத்தில் சாவியை உருவிச் சாக்கடையில் எறிந்தாள். சாவியை உருவினால் பழைய கார் அங்கேயே செத்திருக்கும். இது பாட்டுக்கு ஓடியது. வண்டி நகர, அவளும் தொற்றி ஏறினாள்.

"நிறுத்துங்க மாஸ்! உங்க கால்ல விழறேன்!"

"எதுவானாலும் ஸ்டாண்டுல போய்ப் பேசிக்கலாம்."

தெருமுனையில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான், இடது ஓரம் நிறுத்தச் சொல்லி வேனில் இறங்குகிறவர்கள் போடும் சத்தம் அவள் வாயில் வந்தது.

"கிரி! கிரி!"

ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இடது ஓரம் கட்டி நிறுத்தினார். அவள் எட்டிப் பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் அணைந்தது. இனி யார் அழுத்தினாலும் கிளம்பாது.

அவர் முன்பின் தெரியாத பெண்ணிடம் நீட்டுவதுபோல் கையை நீட்டினார். "காசு குடுங்க இபு."

அவள் கையில் ஒன்றுமில்லை.

"பரவாயில்ல, அடுத்த தடவை குடுங்க. ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க."

இத்தனை மாதத்தில் அவளிடம் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். சுலஸ்த்ரி இறங்கவில்லை. சீட்டில் தலையைச் சாய்த்து, தெருவே பார்க்க அழுதாள்.