மணி அடித்தவுடன் நாற்பது பேர்

எல்லாம் பச்சை. வாரம் முழுக்கச் சோதனை முடிவுகள் எல்லாம் பச்சையாகவே இருந்தன. அதுதான் அவளைச் சோர்வடைய வைத்தது.

பள்ளி வகுப்பறைகளின் கூரையில் பொருத்தியிருக்கும் வைஃபை பெட்டிகளுக்குள் ஓடுகிற மென்பொருளின் புதிய பதிப்பு அது. அனுப்பலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள் அவள். இந்த வேலையிலேயே தலை நரைத்துவிட்டது. அலுவலகம் அவளுக்குக் கொடுத்த பட்டம் ‘முட்டுக்கட்டை’. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். இப்போது பிறந்தநாள் கேக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

“லீவு முடியுது மேடம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கறாங்க,” என்றார் மேலாளர், கதவில் சாய்ந்தபடி. “இப்ப அனுப்பலைன்னா அடுத்த லீவு வரைக்கும் தொட விடமாட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள உங்க வாயால ஒரு ‘சரி’ வந்துட்டா நிம்மதியா வீட்டுக்குப் போவேன்.”

“எனக்கும் வீடு இருக்கு சார்.”

“அப்புறம் என்ன? சிவப்பு எங்கயாவது இருக்கா?”

“இல்ல.”

“இல்லாததைத் தேடிட்டே இருந்தா விடியவா போகுது?”

அவர் போன பிறகும் அவள் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள். சோதித்தது போதுமா என்று கேட்டால் யாரிடமும் நேரான பதில் இருக்காது. சோதிப்பவருக்கு அலுத்துப்போகும் இடத்தில்தான் எல்லாச் சோதனைகளும் முடிகின்றன. இத்தனை வருடத்தில் அவள் கண்டது அதுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

‘சரி’ சொல்ல அவளுக்கும் ஆசைதான். அவள் அக்கா கணக்கு டீச்சர். இப்போதிருக்கும் பதிப்பு பாடத்தின் நடுவில் திடீரென்று அறுந்துபோகும். விடுமுறை முழுக்க அக்கா பேசியபோதெல்லாம் கடைசியில் ஒரே கேள்விதான்: “உங்க புதுசு எப்படி வரும்?”

எழுந்து சோதனை அறைக்குப் போனாள். சன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கத் தட்டுகளில் டேப்லெட்டுகள் நின்றன. அடுத்த சுற்று தொடங்கியது. இடது மூலையில் ஒன்று விழித்தது, பிறகு பக்கத்தில் ஒன்று, பிறகு அடுத்தது. யாரோ விரலால் தடவிக்கொண்டு போவதுபோல் வெளிச்சம் சுவரில் நகர்ந்தது. தினமும் பார்ப்பதுதான், அழகாகத்தான் இருக்கும். இன்று அந்த அழகு உறுத்தியது.

“தாடி, இதெல்லாம் ஏன் ஒண்ணு ஒண்ணா முழிக்குது?”

மென்பொருளை எழுதியவன் அவன்; அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் ‘தாடி’தான். தாடியைச் சொறிந்தான். “பழைய ரூம் ஃப்யூஸ் கதை மறந்துடுச்சா? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டோம், ஃப்யூஸ் போச்சு. எலக்ட்ரீஷியன் வந்து கத்தித் தீர்த்துட்டாரு. அப்பதான் நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டோம்.”

“இது புது ரூம் ஆச்சே.”

“ரூம் மாறினோம். இடைவெளியும் கூடவே குடிவந்துடுச்சு.” சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

 எந்தப் பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக, ஒருவர் முடித்தபின் ஒருவராக டேப்லெட்டைத் திறக்கிறார்கள்? மணி அடித்தால் வகுப்பே ஒன்றாகத் திறக்கும்.

“எடு அந்த இடைவெளியை.”

எடுத்தான். சுவர் முழுக்க ஒரே நொடியில் வெளுத்தது. பெரும்பாலானவை பச்சையாயின. கீழ்த் தட்டில் சில மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றன.  கொஞ்ச நேரத்தில் அவையும் பச்சையாயின.

“பாருங்க, தானா வந்துடுச்சு,” என்றான் தாடி. குரலில் உயிர் திரும்பியிருந்தது. “ரெண்டு கொட்டாவி விடற நேரம்தான். இதுக்கெல்லாம் முட்டுக்கட்டை போட்டா சாமிக்கே அடுக்காது மேடம்.”

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று மனம் கெஞ்சியது. இருந்தும் அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, மணி அடிச்சதும் நெட் வர கொஞ்ச நேரம் ஆச்சுன்னா, உன் பிள்ளைங்க என்ன பண்ணும்?”

“காத்திருக்கும்னு நினைச்சியா? நாப்பதும் வாலில்லாத குரங்குடி. ஆஃப் பண்ணும், ஆன் பண்ணும். பக்கத்துல இருக்கறது பண்ணுதேன்னு, நெட் வந்தவனும் ஆஃப் பண்ணுவான். ஏன் கேக்கறே?”

“சும்மா. அப்புறம் பேசறேன்.”

தாடியைப் பார்த்தாள். அவன் ஏற்கனவே விசைப்பலகையை இழுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் ஒரு கட்டளை: சற்றுப் பொறுத்துப் பார்த்து, இணையாவிட்டால் அணைத்து மறுபடி போடு. பக்கத்தில் இருப்பதையும் அணைத்துப் போடு. அவ்வளவுதான் அவன் சேர்த்தது.

சுவர் வெளுத்தது. சில சுற்றின. சுற்றியவை அணைந்து எரிந்தன, பக்கத்தில் இருந்தவற்றையும் இழுத்துக்கொண்டு. கீழ்த் தட்டிலிருந்து அது மேலே ஏறியது. முன்பு பச்சையாக இருந்தவையும் இப்போது சுற்றின. அவர்கள் காத்திருந்தார்கள். ஏ.சி. இரைந்தது. சுவரில் சுற்றல் அடங்கவேயில்லை.

மேலாளர் வந்து சுவரைப் பார்த்தார். தாடி நடந்ததைச் சொன்னான். “பொறுமையா இருங்கன்னு டீச்சர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பிடலாமே?”

“குறிப்பு டீச்சர் படிப்பாங்க சார். பிள்ளைங்க?”

“பழசு மட்டும் ஒழுங்கா?”

“ஒழுங்கு இல்ல. அது அறுந்தா ஒரு தரம் அறுந்துட்டுத் திரும்ப வரும். இது வகுப்பு முடியற வரைக்கும் வராது.” சொல்லிவிட்டு நிறுத்தினாள். “நான் சரி சொல்லமாட்டேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வீட்டுக்குத் தாமதமாகும் என்று யாரிடமோ போனில் சொல்லியபடி நடந்தார்.

அக்காவே திரும்பக் கூப்பிட்டாள். “உன் குரலே சரியில்லையே. புதுசு வராதா?”

“இல்லக்கா. அடுத்த லீவுக்குத்தான்.”

“என்னடி இது! ஊரெல்லாம் முட்டுக்கட்டைன்னு சொல்றப்ப உனக்காகச் சண்டை போட்டவ நான். எனக்கே போட்டுட்டியே.”

 இரண்டு பக்கமும் போனை வைக்கவில்லை. அக்கா வீட்டில் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

“சரி, விடு,” என்றாள் அக்கா கடைசியில். “பழசோட குணமாவது எனக்குப் பழக்கம். அறுந்துதுன்னா போர்டுல எழுதிக்கறேன். சாப்பிட்டியா?”

“இனிமேதான்.”

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். டேப்லெட்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

“மேடம்,” என்றான் தாடி, திரும்பாமலே. “அந்த இடைவெளியைத் திரும்பப் போட்டுடவா? பார்க்கவாவது நல்லா இருக்கும்.”

“வேண்டாம். எங்க சிக்குதுன்னு பார்ப்போம்,” என்று ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.