ஹெல்பர் என்று போட்ட அட்டை

அட்டையை வாங்கிப் பார்த்த லூர்துசெல்வி அதைக் கழுத்தில் மாட்டாமல் மேசைக்கு முன்னாலேயே நின்றாள்.

"சார், இதுல தப்பாப் போட்டிருக்கு."

இன்ஜினியர் வேங்கடேசன் நிமிர்ந்தார். "பேரா, வயசா?"

"ரெண்டும் சரிதான் சார். ஹெல்பர்னு போட்டிருக்கு. நான் பூச்சு வேல செய்யறேன். கொத்தனாருன்னு போடணும்."

பின்னால் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "அப்ப எனக்கு இன்னா, கலெக்டர்னு போடுவாங்களா?" என்றான் ஒருவன். வேங்கடேசன் மேஸ்திரி சவுரிராயனைப் பார்த்தார்.

"தமாசுக்குச் சொல்லுது சார்" என்றார் மேஸ்திரி. "எங்க ஊரு பொண்ணுதான். வாயி கொஞ்சம் ஜாஸ்தி."

திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் ஒரு கல்லூரிக்கு ஹாஸ்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2012, சித்திரை மாதம். கம்பெனி வேலை என்பதால் எல்லாருக்கும் போட்டோ அட்டையும் ஹெல்மெட்டும் உண்டு. பூச்சு தொடங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் அட்டை வந்தது. கொத்தனாருக்கு நீல ஹெல்மெட், மற்றவர்களுக்கு மஞ்சள். பெண்கள் பதினோரு பேர். பதினோரு தலையும் மஞ்சள்.

லூர்துசெல்வி பெருமுக்கல் பக்கத்துப் பெண். 93இல் கல்யாணமான மறுமாதமே சாந்துச்சட்டி தூக்க வந்தாள். கணவன் அமிர்தசாமி கொத்தனார். ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல் அடித்துப் பாதிச் சுவர் நின்றுபோனபோது, மீதியை அவள் பூசி முடித்தாள். வீட்டுக்காரர் கையால் தடவிப் பார்த்துவிட்டு அமிர்தசாமியைப் பாராட்டினார். அவனும் வாங்கிக்கொண்டான். அன்று தொடங்கியது. மாடிப்படிக்கு அடியில், பரணுக்கு மேலே, கக்கூஸுக்குள்ளே என்று எவனும் பார்க்காத சுவர்களெல்லாம் அவள் சுவர்கள். வெளியாள் வந்தால் பூசும் கரணையைக் கீழே போட்டுவிட்டுச் சட்டியைத் தூக்க வேண்டும். எல்லா சைட்டிலும் அதுதான் வழக்கம்.

சவுரிராயனிடம் வேலைக்குச் சேர்ந்தும் ஆறு வருஷம். பாத்ரூம் பூசக் கொத்தனார்கள் யாரும் வர மாட்டார்கள். இடுக்கு, இருட்டு, நாலு மூலையும் சதுரமாக நிற்க வேண்டும், தரைக்குத் தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும். மூன்று பேர் தட்டிக்கழித்த பாத்ரூமை அவள் ஒருத்தி முடிப்பாள். கூலி மட்டும் சித்தாள் கூலி.

அதைக்கூட இத்தனை நாள் பொறுத்துக்கொண்டாள். இப்போது பொறுக்க முடியாமல் போனதற்குக் காரணம் கழுத்து. போன மாதம் விழுப்புரத்தில் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு. இன்னும் தலையில சொமந்தா கை மரத்துப்போயிடும்மா." சட்டி தூக்க முடியாத சித்தாளை எந்த சைட்டும் வைத்துக்கொள்ளாது. கொத்தனாருக்கு அறுபது வயது வரை வேலை உண்டு. அவளுக்கு முப்பத்தெட்டு.

அட்டை கொடுத்த மூன்றாம் நாள் வேங்கடேசன் முதல் மாடியைச் சுற்றிப் பார்த்தார். பாத்ரூமுக்குள் நுழைந்து ரசமட்டத்தைச் சுவரில் வைத்தார். குமிழ் நடுவில் நின்றது. எட்டு பாத்ரூமிலும் அப்படியே. "டைல்ஸ்காரன் கும்பிடுவான். யாரு மேஸ்திரி இது, ஸ்டீபனா?"

சவுரிராயன் ஒரு நொடி தயங்கி, "ஆமா சார்" என்றார்.

நாலாம் எண் அறையில் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. வேங்கடேசனின் முகம் மாறியது. "அந்தம்மா கொத்தனார்னு சொன்னாங்களே, அவங்க கைவெச்ச சுவரா?"

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சுவரைப் பூசியவன் கொத்தனார் ஸ்டீபன்ராஜ். அவன் சிமெண்ட் கறை படிந்த தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒடச்சுட்டு ஒழுங்கான ஆளை வெச்சுப் பூசுங்க. இனிமே அவங்க கரணையத் தொடக் கூடாது."

வாசலில் சட்டியோடு நின்றிருந்த லூர்துசெல்வி எல்லாவற்றையும் கேட்டாள். அங்கேயே கத்தியிருக்கலாம். கத்தினால் வாய் ஜாஸ்தி என்பார்கள். அதையும் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

மறுநாள் காலையில் சவுரிராயன் இரண்டாம் மாடி பாத்ரூமைக் காட்டினார். "லூர்து, சாரு மத்தியானம்தான் வருவாரு. அதுக்குள்ள ஒண்ணு முடிச்சுடு."

"நான் ஹெல்பரு, அண்ணா."

"இன்னா?"

அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "பாரு, போட்டோ ஒட்டிப் போட்டிருக்கு. ஹெல்பருக்கு இன்னா வேலையோ அத சொல்லு, செய்யறேன்."

"அட, கோவத்த வுடும்மா. நமக்குள்ள இன்னா? நான் ஒனக்கு அண்ணன் மாதிரி."

"அண்ணன்தான நேத்து ஆமா சார்னு சொன்ன."

அன்றைக்கு அவள் எழுபது சட்டி தூக்கினாள். சட்டியோடு பக்கத்தில் நடந்த கிளாராவுக்குத்தான் கழுத்து விஷயம் தெரியும். "பைத்தியமாடி நீ? போய் பாத்ரூம்ல ஒக்காந்து பூசேன். டாக்டரு இன்னா சொன்னாரு?"

"பூசினா அது ஸ்டீபன் சுவராப் போயிடும். தூக்கறேன்."

சாயங்காலம் இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. மறுநாளும் வந்தாள். தைலம் தேய்த்துக்கொண்டு அதற்கடுத்த நாளும் வந்தாள்.

இரண்டாம் மாடி பாத்ரூமுக்கு மேஸ்திரி ஸ்டீபனை அனுப்பினார். ஒன்றை முடிக்க அவனுக்கு இரண்டு நாள் ஆனது. தண்ணீர் விட்டுப் பார்த்தால் அது குழிக்குப் போகாமல் வாசலுக்கு வந்தது. டைல்ஸ் ஒட்டும் ஒடிசாக்காரர்கள் ஆறு பேர் வந்து இறங்கி, கீழ் மாடியை நாலே நாளில் ஒட்டி முடித்துவிட்டு, வேலையில்லாமல் சீட்டாடினார்கள். ஒடிசாவோ எதுவோ, சைட்டில் எல்லாரும் அவர்களை இந்திக்காரன் என்றுதான் சொன்னார்கள். லூர்துசெல்வியும் அப்படித்தான் சொன்னாள்.

அவள் சட்டி தூக்கத் தொடங்கிய ஆறாம் நாள் வேங்கடேசன் கத்தினார். "எட்டு பாத்ரூம் பத்து நாள்ல முடிச்ச ஆளு, ஒண்ணுக்கு ரெண்டு நாளா? ஸ்டீபன், இன்னா ஆச்சு ஒனக்கு?"

ஸ்டீபன்ராஜ் மேஸ்திரியைப் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "சார், கீழ் மாடி பாத்ரூமு எதுவும் நான் பூசல. லூர்து அக்கா பூசினது. அந்த நாலாம் நம்பர் சுவருதான் என்னுது."

"பேஜாரு பண்றானே" என்று முணுமுணுத்தார் சவுரிராயன்.

லூர்துசெல்வியைக் கூப்பிட்டார்கள். வேங்கடேசன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரி, என் முன்னாடி ஒரு சுவர் பூசிக் காட்டுங்க. பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"இங்க இருக்கற ஆம்பள எவனுக்காவது பரிட்ச வெச்சீங்களா சார்?"

அவர் ரசமட்டத்தைக் கையில் எடுத்தார்.

"கீழ எட்டு பாத்ரூம் இருக்கு. போன வாரம் நீங்களே மட்டம் வெச்சுப் பாத்தீங்க. பரிட்ச முடிஞ்சுபோச்சு சார். மார்க்குதான் வேற ஆளுக்குப் போட்டுட்டீங்க."

வேங்கடேசன் ரசமட்டத்தைக் கையில் உருட்டினார். "கம்ப்யூட்டர்ல ஒரு பிரச்னை இருக்கும்மா. பெண்ணுனு போட்டாலே ஹெல்பர்னு தானா வந்துடுது. மாத்த வழியில்ல."

"அத நீங்க கம்ப்யூட்டர்கிட்ட பேசுங்க. எனக்குத் தெரியாது."

சவுரிராயன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "குடு அட்டைய. அடிச்சுட்டு எழுதித் தர்றேன். மானத்த வாங்காத."

"பேனா வேணாம். எல்லாருக்கும் அச்சு, எனக்கு மட்டும் பேனாவா?" அவள் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். "வர்ற வரைக்கும் ஹெல்பர் வேல செய்யறேன்."

வேங்கடேசன் சென்னைக்கு நாலு தரம் போன் பண்ணினார். டைல்ஸ்காரர்கள் இன்னும் இரண்டு நாள் சீட்டாடினார்கள். மூன்றாம் நாள் அட்டை வந்தது. தொழில் என்ற இடத்தில் கொத்தனார் என்று அச்சடித்திருந்தது. நீல ஹெல்மெட்டும் வந்தது, அவள் தலைக்கு இரண்டு சுற்றுப் பெரிதாக. வாரைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டாள்.

"ரெண்டாம் மாடி பாத்ரூமுக்குப் போ" என்றார் சவுரிராயன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"கொத்தனாருங்களுக்கு வேலைய எப்பிடிண்ணா பிரிப்ப?"

"சீட்டுப் போட்டு."

"அப்ப எனக்கும் சேத்துப் போடு. பாத்ரூமு எனக்கே வந்தா நானே பூசறேன்."

சிகரெட் அட்டையைக் கிழித்து ஐந்து சீட்டு போட்டார்கள். பாத்ரூம் இன்னொரு கொத்தனார் ராஜாமணிக்கு விழுந்தது. அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். அவளுக்கு விழுந்தது மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர். நிழல் ஒரு முழம்கூட இல்லாத இடம். பைபாஸில் போகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தெரிகிற இடமும் அதுதான்.

"வெயில்ல வெந்துடுவ. மாத்திக்கறயா?" என்றார் மேஸ்திரி. ராஜாமணி ஆசையாகப் பார்த்தான்.

"மாத்தல" என்று சொல்லிவிட்டுக் கரணையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

இடது கையில் அந்த இரண்டு விரல்களும் இன்னும் சரியாகவில்லை. கரணை பிடிப்பது வலது கை. சுவருக்குத் தண்ணீர் தெளித்தாள். பின்னாலேயே கிளாரா சாந்துச்சட்டியோடு வந்து மூச்சு வாங்கினாள்.

"கொத்தனாரே, கலவ கெட்டியா வேணுமா, எளக்கமா?"

"கெட்டியா. ஜல்தி கொண்டுவாடி, வெயில் ஏறிக்கினு போவுது."