ஆஷாவைப் பார்க்க வந்தவர்

எங்கள் பனியன் கம்பெனிக்குள் வெள்ளைக்காரர் வந்தால் ஆர்டர் கொடுக்க வந்த பையர் என்றுதான் அர்த்தம். ஊர் சுற்ற வந்தவராக இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. திருப்பூரில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது, சாயத்தண்ணி ஓடுகிற நொய்யலா?

யான் என்ற அந்த வெள்ளைக்காரக் கிழவரை ஈரோட்டிலிருந்து வரும் பாசஞ்சர் ரயிலில்தான் பார்த்தோம். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நான், ஒச்சம்மாக்கா, அவள் மகள் ஆஷா மூவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒச்சம்மாக்கா உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் இல்லை. கம்பெனியில் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. ஆஷாவுக்குப் பதின்மூன்று வயது. ஏழாவதோடு படிப்பை நிறுத்தி, தைத்த பனியனில் பிசிறு வெட்டும் வேலைக்கு எங்கள் கம்பெனியிலேயே அக்கா அவளை விட்டிருந்தாள். பஞ்சுத் தூசியில் அந்தப் பிள்ளைக்கு வீசிங் வேறு.

கிழவர் ஹாலந்துக்காரர். விமானமே ஏறாமல் ரயிலும் பஸ்ஸுமாக நாடு நாடாகத் தாண்டி வந்தாராம். கேமராவில் பாலைவனத்தைக் காட்டினார், பனிமலையைக் காட்டினார், வழியில் சோறு போட்டவர்களையெல்லாம் காட்டினார். ஆஷா தன் ஏழாங்கிளாஸ் இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவரை ஒரு வழி பண்ணிவிட்டாள். எங்கள் முறுக்கை அவர் தின்றார், அவர் பிஸ்கட்டை நாங்கள் தின்றோம். "ஸ்கூல்?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கோ டு ஸ்கூல்" என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னார்.

"எங்க வீட்டுக்கு வாங்க தாத்தா" என்றாள் ஆஷா. அட்ரஸ் கேட்டார். லைன் வீட்டுக்கு ஏது அட்ரஸ்? ஊரிலிருந்து தபால் வந்தாலும் கம்பெனி பேருக்குத்தான் வரும். எல்லோரையும் போல அவளும் கம்பெனி பேரையே எழுதிக் கொடுத்தாள்.

அந்த வாரமே, பங்குனி வெயிலில், ஸ்வீட் பாக்ஸோடு அவர் கேட்டில் வந்து நின்றார். வாட்ச்மேன் சாமியப்பன் பெல்லை அடித்தார். பையர் வந்தால் அடிக்கிற பெல் அது. பிசிறு வெட்டுகிற சின்னப் பிள்ளைகளை சூப்பர்வைசர் மாடிக்கு ஓட்டிக்கொண்டுபோய், வேஸ்ட் துணி போடும் தகர ரூமில் வைத்துப் பூட்டினான். சின்னப் பிள்ளைகள் வேலை செய்வதைக் கண்டால் பையர் ஆர்டர் தரமாட்டார் என்று எப்போதும் நடப்பதுதான். சத்தம் போட்டால் வேலை போய்விடும் என்று பிள்ளைகளைப் பழக்கியும் வைத்திருந்தார்கள்.

கிழவர் உள்ளே வந்ததும் "ஆஷா?" என்று கேட்டார். மேனேஜர் வெள்ளியங்கிரிக்கு முகம் மாறிவிட்டது. வேலை செய்யும் சிறுபிள்ளைகளைத் தேடி எவனோ அனுப்பிய ஆள் என்றே முடிவு கட்டிவிட்டார். அதற்குள் கிழவர் ஒச்சம்மாக்காவைக் கண்டு சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

வெள்ளியங்கிரி அவள் காதருகில் குனிந்தார். "புள்ள ஸ்கூலுக்குப் போயிருக்குதுன்னு சொல்லுங்க."

"சார், மேல வெக்கையா கெடக்கும் சார். அவளுக்கு வீசிங் இருக்கு."

"அதுக்குத்தானுங்க சொல்றேன். நீங்க சொன்னா அந்தாளு போயிருவாரு. ஒடனே தொறந்து உட்றலாம்."

ஒச்சம்மாக்கா கிழவரைப் பார்த்து, "ஸ்கூல்" என்றாள்.

கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்கூல்! வெரி குட்!" என்று அவள் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். போயிருக்கலாம். போகவில்லை. ஸ்கூல் விட்டு வரட்டும், பார்த்துவிட்டே போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

முந்திரிப்பருப்பு வந்தது, இளநீர் வந்தது, மத்தியானச் சாப்பாடும் வந்தது. ஒவ்வொரு மெஷினாகப் போய் ஸ்வீட் கொடுத்துப் போட்டோ எடுத்தார். சிரிக்கச் சொன்னார், சிரித்துத் தொலைத்தோம். ஒச்சம்மாக்கா எழுந்து எழுந்து மாடிப்படிக்குப் போனாள். சூப்பர்வைசர் ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினான். அந்த மனுஷனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. எழுந்து போய்யா, எழுந்து போய்யா என்று மனசுக்குள் கத்திக்கொண்டே பனியன் தைத்தேன்.

கடைசியில் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார். ஆஷாவுக்கென்று நாலு லட்டை ஒச்சம்மாக்கா கையில் வைத்துவிட்டுப் போனார்.

கதவைத் திறந்ததும் மற்ற பிள்ளைகள் வியர்வையில் நனைந்து வெளியே வந்து விழுந்தார்கள். ரொம்ப நேரம் கதவைத் தட்டினார்களாம். கீழே மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஆஷா வேஸ்ட் துணி மேலே கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். உயிர் போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒச்சம்மாக்கா வெள்ளியங்கிரியின் சட்டையைப் பிடித்தாள். "போலீசுக்குப் போவேன்டா. எம்புள்ளய வேல செய்யிற எடத்துல பூட்டிவச்சுக் கொன்னுட்டீங்கன்னு சொல்லுவேன்."

அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. குரலும் உயரவில்லை.

"எங்க கம்பெனியில அந்தப் புள்ள வேலையே செய்யலீங்களே. அம்மாவைப் பாக்க வந்த எடத்துல மூச்சு முட்டிப்போச்சு. புள்ள ஸ்கூலுக்குப் போகுதுன்னு நீங்களேதானுங்க அத்தன பேரு முன்னால சொன்னீங்க."

ஒச்சம்மாக்காவின் பிடி தளர்ந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"ஆமா மயிலா" என்றாள். "நாந்தான சொன்னேன்."