தட்டினால் வசனம்

"அடிச்சிடு," என்றார் அவர். "மொத்தத்தையும்."

அவள் அடித்தாள். காலையிலிருந்து கடைசிக் காட்சி அவள் மடியில் கிடந்த தாளில் பிறப்பதும் சாவதுமாகவே இருந்தது. சலவைக் கடையில் துணிகளுக்குச் சீட்டு எழுதிப் பழகிய கை அவளுடையது. எழுத்து கடுகு கடுகாக இருக்கும். "ஒரு தாள்ல முழுப் படத்தையும் மடிச்சு வெச்சிடுவே" என்று அவர் கிண்டல் செய்வதுண்டு. இப்போது கிண்டலுக்கு மூச்சு மிச்சமில்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே, மாடிப்படி ஏறி வந்தவர் போல நின்று நின்று பேசினார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்த இடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டைரக்டர் என்றுதான் எல்லோருக்கும் வாயில் வரும். ஒரு படம்கூட எடுக்காத டைரக்டர். கல்யாணமான புதிதில் மூன்று மணி நேரப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னார். மகள் பிறந்ததும் அது இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. நுரையீரல் கெட்டு இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்து விழுந்தபோது பத்து நிமிடக் குறும்படத்தில் வந்து நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஆனால் கடிக்கிற விஷயத்தில் கழுதையைவிடக் கட்டெறும்பு மேல் என்பது அவர் கட்சி.

கதை சின்னது. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. எதற்கோ சண்டை போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பவர்கள். இருவரும் ஏறிய லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடுகிறது. செட் போட வேண்டாம், ஊர் சுற்ற வேண்டாம், வேலை செய்யும் கட்டடத்து லிஃப்டிலேயே எடுத்துவிடலாம். கூட வேலை செய்யும் ஒருவர் விசேஷ வீடுகளுக்குப் போய் வீடியோ எடுப்பவர். கேமராக்காரர் என்று அவருக்குப் பெயர். வருகிற விடுமுறை நாளில் லிஃப்டை விட்டுத்தர மேலதிகாரியிடம் அவர் சம்மதம் வாங்கி வைத்திருந்தார். பாக்கி இருந்தது கடைசிக் காட்சி மட்டும்தான். கதவைப் பாதி நெம்பித் திறந்த பிறகு அந்த இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது டைரக்டருக்கே பிடிபடாமல் இருந்தது.

நாள் அதிகமில்லை என்று டாக்டர் மகளை வெளியே அழைத்துச் சொல்லியிருந்தார். மகள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த மனுஷன் வாழ்க்கையில் ஒன்றையாவது முடித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. பிழைக்க வையுங்கள் என்று கேட்பதைக்கூட அவள் நிறுத்திவிட்டாள்.

முதல் நாள் எழுத உட்கார்ந்தபோது ஒரு கூத்து நடந்தது. அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே போனாள். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னார். "ஆண்: கதவு ஜாம் ஆயிடுச்சு. பெண்: எல்லாம் உங்களாலதான். ஆண்: கொஞ்சம் தண்ணி குடு, தொண்டை வறண்டு போச்சு" என்று படித்தாள்.

"லிஃப்ட்ல ஏது தண்ணி?" என்றார் அவர்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் கேட்டது கதையில் வரும் ஆண் அல்ல, கட்டிலில் கிடக்கும் ஆண். அவர் சிரித்த சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து இருவரையும் திட்டும்வரை ஓயவில்லை. அன்றுதான் இந்த ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கதைக்குச் சொல்லும்போது விரல் மோதிரத்தால் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டுவார். டங் என்றால் வசனம். சத்தமில்லையென்றால் அது அவளுக்கு. அவள் கடைக்குப் போகும் நாட்களில் மகள் வந்து எழுதினாள். அவளும் இதற்குப் பழகிவிட்டாள். அடுத்த கட்டில்காரர்தான் பாவம், எப்போது மணியடித்தாலும் சாப்பாடு வந்துவிட்டதென்று எழுந்து உட்கார்ந்தார்.

இன்னொரு பாடமும் நடத்தினார். "'அவள் வருத்தப்பட்டாள்'னு எழுதாத. வருத்தத்துக்கு எங்க போய் கேமரா வெக்கிறது? அவ கை என்ன பண்ணுதுன்னு எழுது." அதை அவள் புரிந்துகொண்டாள். துணியைக் கொண்டுவந்து போடுகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையைத் துழாவியே ஆட்களை அறிந்து வைத்திருப்பவள் அவள்.

இன்று காலையில் ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனபோது, உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். "பாரு, கடைசியில என்னை வெச்சு ஒரு படம் எடுக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது ஊசி ஏற்றியதில் கை வீங்கியிருந்தது. மோதிரம் ஏறவில்லை. அவள் அதைக் கைப்பையின் உள்ளறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். வெறும் விரலால் தட்டினால் சத்தம் வரவில்லை.

"விரலைப் பாத்து எழுதிக்கோ," என்றார்.

விரலைப் பார்த்து எழுதினாள். மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போகும் சத்தம் அடங்கிய பிறகு, எங்கிருந்தோ அவருக்கு ஒரு தெம்பு வந்தது. விரல் எழுந்து கம்பியில் விழுந்தது. கதவு பாதி திறக்கிறது, மேலே இருந்து வெளிச்சம். ஆண்: நீ மொதல்ல ஏறு. பெண்: நீங்க? ஆண்: ஏறுன்னா ஏறு. பெண் அவன் தோளில் கால் வைத்து ஏறுகிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கிறார் என்று நினைத்து அவள் பேனாவைத் தாளிலேயே வைத்துக் காத்திருந்தாள்.

மூச்சின் சத்தம் மாறியது. தொட்டியில் அடித்தண்ணீரை மோட்டார் உறிஞ்சும்போது வரும் சத்தம். நர்ஸ் எங்கே என்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தாள்.

"போகாத. இங்கயே இரு."

அவள் திரும்பிக் கையைப் பார்த்தாள். விரல் கம்பியின்மேல் இருந்தது. அசைந்தது.

உட்கார்ந்து எழுதினாள். ஆண்: போகாத. இங்கயே இரு. எழுதி முடித்ததும் அவளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. முதலில் ஏறு என்று விரட்டியவனே, அவள் ஏறியதும் போகாதே என்கிறான். இதற்காகத்தான் இந்த மனுஷன் இத்தனை நாள் முட்டிக்கொண்டிருந்தார். "முடிஞ்சிடுச்சுங்க, நல்லா வந்திருக்கு," என்று தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. தாளைப் போட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

நர்ஸ் வராந்தாவின் மறுகோடியில் இருந்தாள். இருவரும் திரும்பி ஓடி வந்தபோது அவர் கை கம்பியிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து உள்ளே வைத்தவள் நர்ஸ்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஊர் உலகத்தில் செத்தவர்கள் எல்லாரும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போயிருக்க வேண்டும் என்பதுபோல, கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கதை சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். கொடுத்து வைத்தவர், பிடித்த வேலையைச் செய்துகொண்டே போய்விட்டார் என்று ஆறுதல் சொன்னார்கள். நெருப்பை அள்ளி மடியில் போட்டாலும் அவளுக்கு இப்படி எரிந்திருக்காது.

விரல் தட்டியதா? அவளால் சொல்ல முடியவில்லை. அசைந்தது உண்மை. தட்டியிருந்தால் அது லிஃப்டில் நிற்கும் ஆண், மேலே ஏறிப் போகும் பெண்ணிடம் சொன்னது. அவர் தன் கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனார். தட்டவில்லை என்றால் அவர் அவளிடம் கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து கூட இரு என்று ஒருநாளும் கேட்காத மனுஷன், ஒன்றே ஒன்று கேட்டார். அவள் அதைக் கடுகு எழுத்தில் குறித்து வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, எழுந்து ஓடியிருக்கிறாள்.

அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு வீடு காலியானது. அவள் அவரைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் விரலை நாற்காலிக் கம்பியில் வைத்துப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். பிறகு நடுக்கிப் பார்த்தாள். பார்க்க இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அது வசனமாகவே இருந்துவிடட்டும் என்று மன்றாடினாள். யாரிடம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் நின்றாள்.

"அப்பாவுக்குக் கை நடுங்கிச்சா?"

"எப்பம்மா?"

"பொதுவா. நீ எழுதினப்போ."

"ரெண்டு நாளாவே நடுங்கிச்சே. நீ பாக்கலையா?" என்றாள் மகள். "விரல் தானா ஆடும். அப்பாவே இன்னொரு கையால புடிச்சுப்பாரு."

அவள் கழுவிய தட்டு ஒன்றைத் துடைத்து அடுக்கில் வைத்தாள். பிறகு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் மாலை கேமராக்காரர் வந்தார். வந்ததும் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர். குறித்த நாளில் படத்தை எடுத்துவிடுவதென்று எல்லாரும் முடிவு செய்துவிட்டதாகவும், டைரக்டர் என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் போடப் போவதாகவும் சொன்னார். எழுதியது முழுதாக இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்க்குள்ளேயே படித்தார். இடையிடையே அடக்க முடியாமல் சிரித்தார். துக்க வீட்டில் சிரித்துவிட்டோமே என்று அவளை நிமிர்ந்து பார்த்தார். கடைசித் தாளுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அந்த ஒரு வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"'போகாத. இங்கயே இரு.'" தாளை மடியில் வைத்தார். "பத்து நிமிஷமும் மனசைத் தெறக்க மாட்டேன்னு அடம் புடிச்சவன் இதைச் சொல்றான் பாருங்க. டைரக்டர் கடைசியில படத்தைத் தூக்கி நிறுத்திட்டாரு அண்ணி."

கைப்பை அவள் மடியில் இருந்தது. ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மகள் டீத் தம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்து வந்தாள்.

"ஆனா அதுக்கப்புறம் எழுதலையே," என்றார் கேமராக்காரர். "அவ என்ன பண்றா? வெளியில நிக்கிறா, கதவு தெறந்திருக்கு. அவன் கீழருந்து இருங்கறான். நடிக்கிற பொண்ணுக்கு நான் என்ன சொல்றது? அவரு ஏதாவது சொன்னாரா?"

"போயிடறா," என்றாள் அவள்.

"இருன்னு சொல்லியுமா?"

"நர்ஸைக் கூப்பிட."

"லிஃப்ட்ல ஏது நர்…" என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

மகள் தட்டோடு அப்படியே நின்றாள். கேமராக்காரர் தாளை மறுபடி எடுத்து, அந்த வரியைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமலேயே திரும்பப் போட்டுக்கொண்டார்.

அவள் கைப்பையின் உள்ளறையில் விரலை விட்டு மோதிரத்தை எடுத்தாள். அவள் விரல்களுக்கு அது பெரிது. கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, நாற்காலியின் இரும்புக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

டங்.

கேமராக்காரர் ஒன்றும் புரியாமல் அவளையும் மோதிரத்தையும் பார்த்தார். மகள் தட்டைக் கீழே வைத்தாள். அவர் மடியிலிருந்த கடைசித் தாளை எடுத்துக்கொண்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டாள்.