மஞ்சள் க்ளிப் பற்றி ஒரு மன்னிப்புக் கடிதம்

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத் தொடங்கியது. மன்னிப்பு என்னுடையது அல்ல, செல்வமேரியுடையது. அவள் கேட்காத மன்னிப்பை அவள் பெயரில் நான் எழுதித் தர வேண்டும், அவள் கையெழுத்துப் போட வேண்டும், சனிக்கிழமை மாலைக்குள் அது கஸ்தூரிரங்கன் சார் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இனி அவளுக்கு க்ளிப் கிடையாது. ஏற்பாடு அதுதான்.

முதல் வரைவு: "மதிப்பிற்குரிய ஐயா, கடந்த ஞாயிறு, 12.11.2006 அன்று முடிச்சூர் மைதானத்தில் நான் தவறுதலாக என்னுடைய டிரான்ஸ்மிட்டரை

(பேனா இங்கே நின்றது. புதன்கிழமை மாலை ஏழேகால். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் நடக்கும் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. வாத்தியார் கெப்பாசிட்டர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். செல்வமேரி இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே "நான்" என்று எழுத வரவில்லை.)

இரண்டாம் வரைவு: "அன்று நடந்த அசம்பாவிதத்துக்கு

(அசம்பாவிதம் என்றால் யாரோ செத்துப்போன மாதிரி இருக்கிறது. நனைந்தது ஒரு பொம்மை.)

மூன்றாம் வரைவு: "செல்வமேரி எட்டு பேட்டரி செல்களையும் வெளியே எடுத்து, காலை வெயிலில் ஒரு செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்தாள்."

மூன்றாவது கடிதம் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். எனக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது.

2

க்ளிப் என்றால் என்ன என்று சொல்லாமல் கதை நகராது.

நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு காலைகளில் ரேடியோவில் ஓடும் மாதிரி டாங்கிகளை ஓட்டுகிறவர்கள். இடம், முடிச்சூரில் கல் நட்டு விற்பனைக்குப் போட்டிருக்கும் மனைகள், எங்களுக்கு அதுதான் மைதானம். கஸ்தூரிரங்கன் சார் முன்பு மாதிரி விமானம் விட்டவர். விமானப்படைத் தளம் பக்கத்தில் இருக்கும் ஊரில் அதை விட முடியுமா? தரைக்கு இறங்கிவிட்டார். அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒன்றரை அடி நீளத்தில், நான்கு கிலோ எடையில் ஒரு டாங்கி வாங்கிவந்தார். சார் அதோடு வந்த ரிமோட்டைப் பொம்மை என்று ஒதுக்கிவிட்டு, தன் பழைய விமான டிரான்ஸ்மிட்டரையே அதற்குப் பொருத்தினார். (இந்த வாக்கியத்தை மறக்காதீர்கள்.)

ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்குள்ளும் ஒரு கிரிஸ்டல் உண்டு. அதுதான் அலைவரிசையைத் தீர்மானிக்கும். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஸ்விட்ச் போட்டால் டாங்கிக்கு இரண்டு எஜமானர்கள், கண்டபடி ஓடும். அதற்காக சார் கொண்டுவரும் ஒரு பலகையில் ஆறு நிறத்துக்கு ஆறு ஆணி, அவற்றில் துணி க்ளிப்கள். மஞ்சள் அலைவரிசைக்காரர் மஞ்சள் க்ளிப்பை எடுத்துத் தன் ஆன்டெனாவில் மாட்டிய பிறகே ஸ்விட்ச் போடலாம். யார் எப்போது எடுத்தார், எப்போது திருப்பி வைத்தார் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. பன்னிரண்டு வயதிலிருந்து டைரி எழுதுகிறவன் என்பதால் எனக்குக் கிடைத்தது.*

சாருக்கும் செல்வமேரிக்கும் மஞ்சள். இருப்பதோ ஒரே மஞ்சள் க்ளிப்.

* என் கைக்கடிகாரம் மூன்று நிமிடம் வேகம். நோட்டில் கழித்துத்தான் எழுதுகிறேன். ஆனால் எல்லா முறையும் கழித்தேனா என்று அடிக்கடி சந்தேகம் வரும்.

3

செல்வமேரி சண்முகம் சாலையில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவள். வயது இருபத்தாறு. என்னைவிட நான்கு வயது மூத்தவள், நேரில் அக்கா. (கதையில் "அவள்". கேட்டுவிட்டேன், "எழுதிக்கோ" என்றாள்.) அவளுடைய டாங்கிக்குப் பிளைவுட் உடல், பழைய பிரிண்டரின் மோட்டார்கள், சைக்கிள் செயின். ஓடும்போது மாவு மில் மாதிரி சத்தம் போடும்.

அந்த ஞாயிறு காலை ஏழு இருபத்தைந்துக்கு அவள் மஞ்சள் க்ளிப்பைப் பலகையில் வைத்தாள். ஏழரைக்கு சார் எடுத்தார். அவள் மனைக்கல் மேல் உட்கார்ந்து, டிரான்ஸ்மிட்டரின் பின்மூடியைத் திறந்து, எட்டு செல்களையும் வெளியே எடுத்தாள். இரண்டில் துரு. கூந்தல் ஊசியால் சுரண்டினாள். முந்தின வாரம் அவள் மண்டைக்குள் ஓடியதெல்லாம் இந்தத் துருதான். (எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் சுரண்டும்போது அவள் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.)

ஏழு நாற்பத்திரண்டு. சாருடைய டாங்கி நேராகப் போனது. வளைய வேண்டிய இடத்தில் வளையவில்லை. புதிதாகத் தோண்டிய அஸ்திவாரக் குழியில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. அதில் மூக்கைக் குத்தி இறங்கியது.

சைக்கிளில் டீ விற்கும் மாரிதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியில் இறங்கினார்.

"இன்னா சார், உன் டேங்கு குளிச்சிகினு கீது. சோப்பு வாங்கியாரவா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் கொஞ்சம் சிரித்தேன்.

சார் திரும்பினார். "மேரி, ஸ்விட்ச் போட்டியா?"

"இல்ல சார்."

"சிக்னல் அடிச்சிருக்கும்மா. மஞ்சள்ல வேற யாரு இருக்கா?"

அவள் மூடி திறந்து கிடந்த டிரான்ஸ்மிட்டரைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு செல்கூட இல்லை.

"இப்போ எடுத்திருப்பே," என்றார் சார்.

4

ஒரு பாத்திரத்தைச் சந்தேகிக்கும் இடம் இது. கஸ்தூரிரங்கன் சாரை வில்லனாக்க வியாழக்கிழமை முழுக்க முயன்றேன். என் நாவலூர் அலுவலகத்தில் இடைவேளையில்கூட எழுதிப் பார்த்தேன். மீசை வைத்தேன், எடுத்தேன். அவர் எல்லோருக்கும் சேர்த்து ஐந்து லிட்டர் தண்ணீர் கொண்டுவருகிறவர். என் முதல் டிரான்ஸ்மிட்டரை அவர்தான் கொடுத்தார். வேண்டுமென்றே பொய் சொல்கிறவர் இல்லை.

அதனால் என்ன? தவறு தவறுதான்.

விமான டிரான்ஸ்மிட்டரில் கட்டைவிரலால் தள்ளும் இடது ஸ்டிக் வேகத்துக்கு. கையை எடுத்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். வானத்தில் அதுதான் சரி. கையெடுத்ததும் இன்ஜின் நின்றால் விமானம் விழும். டாங்கிக்கு அது ஆகாது. கை எடுத்தால் ஸ்டிக் நடுவுக்கு வர வேண்டும், வண்டி நிற்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு ஸ்பிரிங் போட்டால் போதும். அக்டோபரிலேயே செல்வமேரி சொன்னாள்.

"பத்து நிமிஷ வேலை சார். நானே போட்டுத் தரேன்."

"அது ஏரோப்ளேன் ரிமோட்மா. நீ தொடாதே."

அந்த ஞாயிறு இரவு டைரியில் நான் எழுதிய வரி: "7.42. சார் இரண்டு கையாலும் கண்ணாடி துடைத்தார். மாரி ஜோக்." ஸ்டிக் பற்றி நினைத்தே பார்க்காமல் எழுதியது. டிரான்ஸ்மிட்டர் கழுத்துப் பட்டையில் தொங்கியது. இரண்டு கையும் கண்ணாடியில். டாங்கி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை படித்தபோதுதான் புரிந்தது. புரிந்தும், செவ்வாய்க்கிழமை அவர் போன் செய்து "பெரிய விஷயமே இல்லப்பா, ரெண்டு வரி. உன் எழுத்து நல்லா இருக்கும். அவளுக்கும் கௌரவமா இருக்கும், பாரு" என்றபோது, "சரி சார்" என்றேன். அந்த "சரி சார்" இந்தக் கதையில் நடந்த இரண்டாவது தவறு. அது முழுக்க என்னுடையது.

5

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து படியிறங்கும்போது நான்காம் வரைவைக் கொடுத்தேன். ("ஒருவேளை என் கவனக்குறைவால் நேர்ந்திருந்தால் வருந்துகிறேன்." அந்த ஒருவேளையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பெருமையாகக்கூட இருந்தது.)

கீழ்ப்படியில் நின்று படித்தாள். ரயில் ஒன்று ஸ்டேஷனுக்குள் வந்துகொண்டிருந்தது.

"நல்லா எழுதியிருக்க மாறா."

"அக்கா…"

"இந்தப் பொண்ணு ரொம்ப நல்லவ. யாரு இவ?"

"கையெழுத்துப் போட்டா க்ளிப் தருவாரு அக்கா. ஒரே ஒரு கையெழுத்து."

"நீ அங்கதானே நோட்டோட நின்ன. நான் ஸ்விட்ச் போட்டேனா?"

"இல்ல."

"அத அவருகிட்ட சொன்னியா?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் வேகம்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். பஞ்சுக்குள் நீல அலைவரிசைக்கான ஒரு ஜோடி கிரிஸ்டல் (ஒன்று டிரான்ஸ்மிட்டருக்கு, ஒன்று வண்டிக்கு), கூடவே நீல நெயில் பாலிஷ் பூசிய ஒரு துணி க்ளிப். எங்கள் பலகையில் சிவப்பு, பச்சை எல்லாம் உண்டு, நீலம் மட்டும் இல்லை. யாரிடமும் நீலக் கிரிஸ்டல் இல்லாததால் அந்த இடம் ஆணியோடு காலி.

"ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடிப் புடிச்சேன். ரெண்டு வண்டி முட்டிக்காம இருக்கத்தான்டா க்ளிப்பு. பர்மிஷனுக்கு இல்ல."

கடிதத்தை நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாள். "ஞாயித்துக்கெழமை ஏழு மணிக்கு வரேன். நோட்ட எடுத்துட்டு வா."

6

முடிவுகள்.

அ) அவள் கையெழுத்துப் போடுகிறாள். முடியாது. நான்கு வரைவு எழுதிப் பார்த்துவிட்டேன், பாத்திரம் மறுக்கிறது.

ஆ) கஸ்தூரிரங்கன் சார் எல்லோர் முன்னாலும் "தப்பு என்னுதுதான்" என்கிறார். எழுதினேன், கண் கலங்கியது, அடித்துவிட்டேன். அவர் செய்ய வேண்டியதை அவருக்காக நான் எழுதித் தந்தால் அதுவும் இன்னொரு கடிதம்தான்.

இ) ஞாயிறு காலை மழை பெய்கிறது, யாரும் வர

(சீ.)

7

இன்று சனிக்கிழமை. ஞாயிறு இன்னும் வரவில்லை. ஆறு மணிக்கு நான் கொடுக்கப்போவது கடிதத்தை அல்ல, இந்தத் தாள்களை.

ஆகவே சார், இவ்வளவு நேரம் "நீங்கள்" என்று நான் கூப்பிட்டது உங்களையும்தான்.

உங்கள் டாங்கி சிக்னலால் குழிக்குள் போகவில்லை. நீங்கள் கண்ணாடி துடைத்தீர்கள். அவள் டிரான்ஸ்மிட்டரில் பேட்டரி இல்லை, என் கண்ணால் பார்த்தேன். இதை அன்றே சொல்லாததற்கு என் மன்னிப்பு. கடிதத்தில் வர வேண்டிய மன்னிப்பு இது ஒன்றுதான். கீழே என் கையெழுத்து இருக்கிறது. டைரியின் பக்கத்தை இணைத்திருக்கிறேன். நோட்டை வேறு யாரிடமாவது கொடுக்க நினைத்தால் காலையில் கேளுங்கள். ஆனால் அவள் வந்து போன பிறகுதான் தருவேன்.

நடந்ததை மட்டுமே எழுதுகிறவன் நான். பத்து வருடத்தில் ஒருநாளும் நேரத்துக்கு முன்னால் எழுதியதில்லை. இன்று மதியம் நோட்டைத் திறந்து, நாளைய தேதி போட்டு, பேனாவில் ஒரு வரி எழுதிவிட்டேன்:

19.11.2006. செல்வமேரி. நீலம். எடுத்த நேரம் 7.00.

திருப்பி வைத்த நேரம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அதை என்னால் எழுத முடியாது. காலை ஏழு மணிக்குப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள்.

— இளமாறன்